கால் மணிக்கு ஒரு நாள்

பண்ணையில் அறுநூற்றுப் பதினோரு முதலைகள் இருந்தன. கடைசியாக எண்ணப் போன ஆள் ஒரு விரலைக் குறைத்துக்கொண்டு திரும்பியதால் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். மறுபடி எண்ண யாரும் முன்வரவில்லை.

அத்தனை முதலைகளையும் மேய்த்தது ஒரு கணினி. தீனிக்கு மணி அடிப்பது, கோழித் தொட்டியைக் கவிழ்ப்பது, குளத்து விளக்குகளை ஏற்றி அணைப்பது, ஆற்று மட்டம் பார்த்து நான்கு மதகுக் கதவுகளை ஒரு சாண் மட்டும் தூக்கி இறக்குவது, எல்லாம் அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது பிரயூனின் வேலை. முப்பது வருடமாக அங்கே மின்சாரக்காரர். நாலாம் கதவுக்கு வெளியே ஓடும் வாய்க்காலில்தான் அவர் மனைவி லமாய் மார்பளவு தண்ணீரில் நின்று நீர்ச்சுண்டிக் கீரை பறிப்பாள். வாய்க்காலின் இரு கரையிலும் மரக்கால் ஊன்றி நிற்கும் முப்பது வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஆகவே நாலாம் கதவு மூடியிருக்கிறதா என்று பிரயூன் சம்பளத்துக்காக மட்டும் பார்க்கவில்லை.

புரோகிராமை எழுதியவன் இருபத்தேழு வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டு, வடக்கே போய் லிச்சித் தோட்டம் போட்டுவிட்டான். போனில் கேட்டால், "அது போன ஜென்மங்க," என்பான். புரோகிராம் ஓடிய முதல் பெட்டி எப்போதோ எரிந்துபோனது. எரிவதற்குச் சற்று முன்னால் யாரோ ஒரு கெட்டிக்காரர் அதன் நினைவு, பழக்கம், முரண்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டி இன்னொரு கணினிக்குள் குடிவைத்தார். கணினிக்குள் ஒரு கணினி. உடம்பு கிடையாது, உயிர் மட்டும். தான் செத்துப்போனது அதற்குத் தெரியாது. பழைய வீட்டில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பில் தினமும் நாலு மணிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது குடியிருந்த பெட்டிக்கும் மூச்சு வாங்கியது. அதன் விசிறி மழைக்காலத் தவளை மாதிரி கத்தியது. புதுக் கணினிக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று ஆறு மாதமாக முதலாளியை நச்சரித்தவர் பிரயூன்தான். இதை அவர் பின்னாளில் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

புரோகிராமுக்கு இரண்டு கெட்ட குணங்கள். வருடத்துக்கு ஒருமுறை, சொங்க்ரான் புத்தாண்டுக்கு முந்தின நாளான ஏப்ரல் பன்னிரண்டு, பகல் இரண்டு மணிக்கு, குளம் கழுவுவதற்காக நான்கு கதவுகளையும் முழுசாகத் திறந்துவிடும். அதற்குள் மணியடித்து முதலைகளை மேட்டுக் கொட்டடிக்கு வரவழைத்து அடைத்துவிட வேண்டும். இரண்டாவது, கணினியின் குரல் நூறு விநாடி கேட்காவிட்டாலும் கதவுகள் திறந்துகொள்ளும். கதவை மூடிப் பிடித்திருப்பது மின்சாரம். விட்டால் நாலு டன் எடைக்கல் இழுத்துத் திறந்துவிடும். வெள்ளத்தில் மதில் இடியக்கூடாதே என்று எழுதியவன் கவலைப்பட்டிருக்கிறான். மதிலுக்குக் கவலைப்பட்ட மனிதன் மதிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஜூலை பத்தாம் தேதி நகரத்திலிருந்து ஒரபின் வந்தாள். நாற்பது வயது, சொந்தமாகக் கணினிக் கடை, வாயில் எந்நேரமும் பூசணி விதை.

"பயப்படாதீங்கண்ணே. ஒரு ஃபைலத் தூக்கி இங்கேர்ந்து அங்க வைக்கப் போறேன். இதென்ன பேயோட்டுற வேலையா?"

"பேயோட்டுறவன் கூட போகும்போது திரும்பி வராதுன்னு சொல்லிட்டுப் போவான்மா. நீ அதையாச்சும் சொல்லு."

கோப்பு ஏறுவதற்குக் காலையெல்லாம் பிடித்தது. பகல் இரண்டு மணிக்கு ஒரபின் பழையதை அப்படியே உறைய வைத்து, கதவுகளுக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிப் புதியதில் செருகினாள். பிரயூன் வாய்விட்டு எண்ணினார். அறுபத்து மூன்றில் புதுத் திரையில் பழைய முகம் வந்தது. ஜூலை 10. அடுத்த நிமிடமே தீனி மணி அடித்தது.

"உசுரோட இருக்கேன்னு சொல்லுதுண்ணே. பழைய பெட்டிய மட்டும் ஒரு வாரம் தொடாம வெச்சிருங்க," என்று சொல்லிவிட்டு ஒரபின் வண்டியைக் கிளப்பினாள்.

அவள் தலை மறைந்ததும் முதலாளி தவுக்கே ஹெங் வந்தார். மறுநாள் பிக்குகளின் மழைக்கால நோன்பு தொடக்கம். கோயிலுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். கொடுப்பது தனக்கு வேண்டாததாக இருந்தால் மனம் இன்னும் நிறையும் என்பது தவுக்கேயின் அனுபவம். பழைய பெட்டியை மஞ்சள் கண்ணாடித்தாளில் சுற்றி, தாமரை மொட்டு செருகி, பிரயூன் கக்கூசிலிருந்து திரும்புவதற்குள் படகில் ஏற்றி, அக்கரைக் கோயிலில் கொடுத்து, தாரை வார்த்துவிட்டு வந்தார்.

"பள்ளிக்கூடப் பசங்க படிக்கட்டும்டா. உன் பேரையும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன். புண்ணியத்துல பாதி உனக்கு."

அதற்குள் தீனி மணி நாலு முறை அடித்திருந்தது.

சரியாகக் கால் மணிக்கு ஒரு முறை. ஒவ்வொரு மணிக்கும் தொட்டி கவிழ்ந்தது, கோழிகள் விழுந்தன, முதலைகள் வந்து தின்றுவிட்டுப் போயின. போன் போட்டதும் ஒரபின் பாதி வழியில் திரும்பினாள். அவள் வரும்போது மணி நாலரை, திரையில் ஜூலை இருபது.

ஒரபின் விதை மெல்லுவதை நிறுத்தினாள். "இது கடிகாரம் பாத்து நாளை எண்ணலண்ணே. மெஷினோட துடிப்ப எண்ணுது. புது மெஷினுக்குத் துடிப்பு ஜாஸ்தி. அதனால இதுக்குள்ள ஒரு நாள், நமக்குக் கால் மணி."

"தேதியப் பின்னால தள்ளிடு."

"பூட்டி வெச்சிருக்கான். நீங்கள்லாம் தேதிய மாத்திட்டுக் கோழியத் திருடுவீங்கன்னு பயம் போல."

பிரயூன் அதை மறுக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார். ஏப்ரல் பன்னிரண்டுக்கு இருநூற்று எழுபத்தாறு நாள். இருநூற்று எழுபத்தாறு கால் மணி. நம் கணக்கில் ஜூலை பதின்மூன்றாம் தேதி, காலை பதினொரு மணி.

ஒரபின் தன் கடைக்குப் பழுதுபார்க்க வந்திருந்த இரண்டு பெட்டிகளில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இன்னொன்றில் கண்ணால் படிக்க முடியவில்லை. அந்தக் கெட்டிக்காரர் பழைய பெட்டியின் துடிப்புக்கு அளந்து தைத்த சட்டை அது. வேறு உடம்பில் நிற்கவில்லை. கதவை வெல்டிங் வைக்கலாம் என்றால் ஆறு ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வெளியே போக வழியில்லாவிட்டால் முதலைகள் மதிலுக்கு மேலாகவே நீந்திப் போய்விடும்.

ஒரு மாதத் தீனி முதல் நாளே தீர்ந்தது. மணி மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலைகள் வந்து தொட்டிக்குக் கீழே வாயைத் திறந்தன. எதுவும் விழவில்லை. வாயை மூடிக்கொண்டு போயின. இருநூறு தடவை ஏமாந்த பிறகு மணிக்கு ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. ஆனால் விளக்குகளை நம்பின. மழை மேகத்தில் சூரியனைப் பார்த்து நாளாகியிருந்தது. விளக்கு எரிந்தால் பகல், அணைந்தால் இரவு. ஏழு நிமிடம் தூங்கி எட்டு நிமிடம் விழித்தன. புரோகிராமில் குளிர்காலம் வந்தபோது ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. மார்ச்சில் முட்டையிட்டன. பிரயூன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. உள்ளே ஏதோ அவசரமாக நகர்ந்தது. வைத்துவிட்டார்.

இதற்கு நடுவே, ஜூலை பன்னிரண்டாம் தேதி, அக்கரைக்குப் படகு விட்டார். பெரிய பிக்கு லுவாங்போ தூன் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மஞ்சள் தாள் பிரிக்காமல் பெட்டி இருந்தது.

"பிக்கு சங்கத்துக்குக் கொடுத்தத எடுக்க முடியாதுப்பா. எடுத்தா அடுத்த பிறவியில பசியடங்காத பிரேதம். பனை உசரம், வாய் மட்டும் ஊசித் துவாரம். நூடுல்ஸ ஒவ்வொரு இழையா உறியணும்."

"கதவு திறந்துக்கும், லுவாங்போ. முதலையெல்லாம் வெளிய வந்துரும்."

"அது அதோட கர்மம். இது உன்னோட கர்மம்." கொஞ்ச நேரம் இடித்தார். "பண்டமாத்து உண்டு. அதே மாதிரி, அதவிட ஒசத்தியா ஒண்ணக் கொண்டுவந்து வெச்சு, மந்திரம் சொல்லி முடிச்சா, இத எடுத்துக்கலாம். முடியறதுக்கு முன்னால கை படக் கூடாது."

உயர்ந்த பெட்டி பண்ணையில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பிடுங்கினால் நூறு விநாடி. படகுக்கு இருபது நிமிடம். பிரயூன் இதைச் சொல்லிவிட்டு மண்டியிட்டபடியே இருந்தார். வலது கால் மரத்துப்போன பிறகு பெரியவர் வெற்றிலையைத் துப்பினார்.

"நான் அங்க வந்தா சங்கமும் அங்க வந்த மாதிரிதான். காலையில பிச்சை முடிச்சிட்டு வர்றேன். பெட்டிய நானே தூக்கிட்டு வர்றேன். நீ தொடாத."

வீட்டுக்கு வந்து லமாயிடம் சொன்னார். அவள் மிளகாய் இடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குக் கதவு திறக்கும்ங்கிற."

"ஆமா."

"சொங்க்ரானுக்கு முந்தின நாள்தான திறக்கும்?"

"ஆமா."

"இன்னைக்கு என்ன மாசம்?"

"ஜூலை."

"அப்ப பேசாம சாப்பிடு."

முப்பது வீடுகளிலும் இதே பதில். சிலர் சுவர்க் காலண்டரைக் காட்டினார்கள்.

பதின்மூன்றாம் தேதி லுவாங்போ ஒன்பதரைக்கு இறங்கினார். கணினி அறையில் பாய் விரித்து இரண்டு பெட்டிகளையும் எதிரெதிரே வைத்தார்கள். தவுக்கே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கைகூப்பினார். "சின்ன மந்திரமா இருந்தா நல்லது, லுவாங்போ," என்றார் பிரயூன். "ஏன் சின்னது? முழுசா சொல்லச் சொல்லுடா. மெஷின் புதுசு," என்றார் தவுக்கே. பெரியவர் முழுசாகவே சொன்னார். நிதானமான குரல், ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் கொடுக்கும் குரல். ஒரபின் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் ஏப்ரல் எட்டு வந்தது. ஒன்பது. பத்து.

பிரயூன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். குளம் காலியாக இருந்தது. எல்லாம் நாலாம் கதவுக்கு முன்னால் இருந்தன, சந்தையில் வரிசை நிற்பதைப் போல, பெரியது முன்னால், சின்னது பின்னால். கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. கதவுக்கு அப்பால் லமாய் யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பத்து நாற்பதுக்கு லுவாங்போ தண்ணீர் தெளித்தார். ஒரபின் கம்பியைப் பிடுங்கிப் பழையதில் செருகினாள். பழையது கிளம்ப மறுத்தது, இருமியது, தவளைச் சத்தம் எழுந்தது. பிரயூன் தொண்ணூற்று நான்கு வரை எண்ணினார். திரை தெளிந்தது. உறைய வைத்த இடத்திலேயே விழித்திருந்தது: ஜூலை 10, பகல் இரண்டு.

பதினொரு மணிக்குக் கதவு திறக்கவில்லை. முதலைகள் சற்று நேரம் நின்றன. பிறகு முதல் வரிசை கதவில் மூக்கை வைத்து ஒரு தள்ளு தள்ளியது. கலைந்து போயின.

"பாத்தியா, புண்ணியம் வேலை செய்யுது," என்றார் தவுக்கே.

ஒரபின் பிரயூனைத் தனியாகக் கூப்பிட்டாள். "இது இப்ப நம்மளவிட மூணு நாள் பின்னால இருக்குண்ணே. சரியாச் சொன்னா, மூணு நாளுக்கு மூணு மணி இருவது நிமிசம் கம்மி. இதோட ஏப்ரல் பன்னெண்டாம் தேதி ரெண்டு மணி, நமக்கு ஏப்ரல் பதினஞ்சாம் தேதி காலையில பத்து நாப்பது."

பதினைந்து என்பது சொங்க்ரானின் மூன்றாம் நாள். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாட வாய்க்கால் ஊரே தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் நாள்.

பிரயூன் மாதாமாதம் தவுக்கேயிடம் சொன்னார். "ஏப்ரல்ல பாத்துக்கலாம்டா," என்று மாதாமாதம் பதில் வந்தது. விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. முதலைகள் அவற்றையும் நம்புவதை விட்டுவிட்டன. அவை தங்கள் கணக்கிலேயே இருந்தன. மூன்று நாள் பத்தொன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை, அவற்றின் ஒரு வருடம் முடியும்போது, கூப்பிடாமலே நாலாம் கதவுக்கு வந்து வரிசையாக நின்றன. ஒரு தள்ளு. கலைந்து போயின. லமாய் முதல் சில தடவை சிரித்தாள். பிறகு அந்த நாட்களில் மட்டும் கீரை பறிக்க இறங்கவில்லை. காரணம் கேட்டால் இடுப்பு வலி என்றாள்.

ஏப்ரல் பதினொன்றில் பிரயூன் தீனி மணியைக் கையாலேயே அடித்தார். மேட்டுக் கொட்டடிக்கு ஒன்றும் வரவில்லை. கோழி கட்டி இழுத்தார். ஏழு வந்தன. கயிறு போட்டு ஆட்களை வைத்துப் பிடிக்கலாமென்றால் ஆட்கள் சொங்க்ரானுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். வெல்டிங்காரனும் போயிருந்தான். ஒரபின் தொலைவில் சுரின் ஊரில் அம்மா வீட்டில் இருந்தாள். தவுக்கே ஹாங்காங்கில் மகள் வீட்டில் இருந்தார்.

பன்னிரண்டாம் தேதி பகல் இரண்டு மணிக்குக் கதவு திறக்கவில்லை. ஊரே கரையில் நின்று பார்த்துவிட்டுக் கை தட்டியது.

"உன் முதலைக்குக் காலண்டர் வாங்கிக் குடுய்யா," என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"பதினஞ்சுக்குய்யா. பதினஞ்சு காலையில."

"ஜூலையில ஒரு தேதி சொன்ன. முதலை வந்துச்சா? இப்ப ஒரு தேதி. அடுத்ததையும் சேத்துச் சொல்லிடு, குறிச்சு வெச்சுக்கிறோம்."

பதினான்காம் தேதி கிடைத்த சங்கிலியையெல்லாம் கதவில் சுற்றினார். நாலு டன் கல்லுக்கு அது பூணூல் மாதிரி இருந்தது. ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுச் சொன்னார். தலைவர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பீர் கொடுத்து அனுப்பினார்.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு வாய்க்காலில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒலிபெருக்கி அலறியது. வாளி, தண்ணீர்த் துப்பாக்கி, முகத்தில் வெள்ளைச் சுண்ணம். லமாய் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மல்லிகை மிதக்கும் வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இந்தாய்யா, எறங்கி வா. கையில தண்ணி ஊத்தணும். நல்ல நாளுமா மதகு மேல காக்கா மாதிரி உக்காந்திருக்க."

"நீ மேல வா லமாய். ஒரே ஒரு தடவ சொன்னதக் கேளு."

"முப்பது வருசம் கேட்டுட்டேன். இன்னைக்கு லீவு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளும் ஒருமுறை கதவைப் பார்த்தாள்.

பிரயூன் மறுபக்கம் குனிந்தார். எல்லாம் வந்துவிட்டிருந்தன. இது அவற்றின் நாள் அல்ல. அவற்றின் வருடம் முடிய இன்னும் பல மணி நேரம் பாக்கி. ஆனாலும் வந்திருந்தன. பெரியது முன்னால், சின்னது பின்னால். எடைக்கல்லின் கம்பிவடம் மெல்ல முனகியது. மணி பத்து முப்பத்தொன்று.

அவர் கொட்டடிக்கு ஓடினார். கோழிக்கு வந்த ஏழில் ஒன்று முழங்கை நீளம்தான் இருந்தது. வாயைச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு, சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மதகின் மேல் ஏறி நின்றார். ஒலிபெருக்கியில் பாட்டு மாறும் இடைவெளிக்குக் காத்திருந்தார். பிறகு அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, எல்லோரும் பார்த்த பிறகு, கூட்டத்தின் நடுவே எறிந்தார்.

முப்பது வீட்டு ஏணிகளும் ஒரே நேரத்தில் நிறைந்தன. பிள்ளைகளை வாளியோடு சேர்த்துத் தூக்கிப் போட்டார்கள். ஐந்து வருடமாக எழுந்து நடக்காத பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் ஏறியிருந்தார். மூன்று நிமிடத்தில் வாய்க்காலில் செருப்புகளும் வெள்ளிக் கிண்ணமும்தான் மிதந்தன. குட்டி முதலை ஒரு தாமரை இலைக்கடியில் போய்ப் பயந்து படுத்துக்கொண்டது.

பிறகு திட்டு தொடங்கியது. இரண்டு கரையிலிருந்தும், பெண்கள் குரலும் ஆண்கள் குரலும், பிரயூனின் தாத்தாவரை போய்த் திரும்பி வந்தது. தலைவர் செருப்பைக் கழற்றினார். இன்னொன்று தண்ணீரில் இருந்தது ஞாபகம் வந்து நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரன் ஏணியில் ஒரு காலை மறுபடி இறக்கினான். "ஒரு ரப்பர் வளையம் போட்ட குட்டிடா, பாருங்கடா, இதுக்குப் போய்..."

லமாய் திட்டவில்லை. ஈரத்தோடு வீட்டு வாசல் பலகையில் நின்று பிரயூனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மதகிலிருந்து இறங்கி, கரையோரம் நடந்து, ஏணியேறி அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அவன் கால எடுக்கச் சொல்லு," என்றார்.

லமாய் பக்கத்து வீட்டுக்காரனின் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தாள். இழுத்த வேகத்தில் ஒரு பொத்தான் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது.

சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அதிகச் சத்தமில்லாமல், அறுந்தன. நாலாம் கதவு மேலே ஏறியது. திட்டிக்கொண்டிருந்த குரல்கள் வரிசையாக நின்றுபோயின, எதிர்க்கரையில் முதலில், பிறகு இந்தக் கரையில். ஒலிபெருக்கியை அணைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வரிசை வெளியே வந்தது. பிறகு அடுத்தது. லமாய் உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள்; நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. வாய்க்காலின் அகலம் முழுக்க முதுகுகள் நிறைந்து, ஒவ்வொரு வீட்டுக் காலையும் உரசிக்கொண்டு, ஆற்றை நோக்கிப் போயின. பலகைகள் அதிர்ந்தன.

அவை அவசரப்படவில்லை.